திருவருகைக்காலத்தைத் திரும்பப் பெறாமல் கிறிஸ்துமஸைத் திரும்பப் பெற முடியாது

சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நவம்பர் கடைசியிலேயே வீட்டு வாசலில் நட்சத்திரம் ஏறிவிடுகிறது. பிறகு துணிக்கடை, கேக், கேரல், அலுவலக விருந்து, உறவினர் வீடு என்று ஓடி ஓடி, 25ஆம் தேதி காலையில் உடம்பும் மனமும் களைத்துக் கிடக்கின்றன. பத்து வயதிலும் பதினான்கு வயதிலும் எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விழாவின் ஆன்மிகப் பொருளை எங்கள் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? வாங்குவதையும் கொண்டாடுவதையும் நிறுத்திவிட வேண்டுமா?"

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டாம். எத்தனையோ ஏழைக் குடும்பங்களில் ஆண்டுக்கு ஒரு முறை புதுத்துணி வருவது கிறிஸ்துமஸுக்குத்தான். அந்தத் துணியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற குழந்தையிடம் போய், இதெல்லாம் உலக ஆசை என்று சொல்ல எனக்கு மனம் வராது. வட்டிக்கு வாங்கி ஊருக்காகச் செய்கிற ஆடம்பரத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். ஜனவரி, பிப்ரவரி முழுவதும் அந்தக் கடனை அடைக்க அம்மாவின் நகை அடகுக் கடையில் இருக்குமானால், அந்த வீட்டில் பிறந்தது மீட்பர் என்று பிள்ளைகள் எப்படி நம்புவார்கள்?

மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் பல ஆண்டுகளாக நான் கவனித்து வருவது இதுதான்: நம் வீடுகளில் கிறிஸ்துமஸ் காணாமல் போகவில்லை. அதற்கு முந்திய நான்கு வாரங்கள்தான் காணாமல் போயிருக்கின்றன. காத்திருக்க வேண்டிய காலம் முழுவதையும் கொண்டாட்டமாக மாற்றிவிட்டோம். கொண்டாட வேண்டிய நாள் வரும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லை. நட்சத்திரத்தைக் கழற்றி வைப்பதால் இது சரியாகிவிடாது. அந்த நான்கு வாரங்களான திருவருகைக்காலத்துக்கு அதற்குரிய வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்த வேலை என்ன என்பதைத் திருச்சபையே ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது. நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று திருவருகைக்காலம் தொடங்குகிறது. அதனால் அது நவம்பர் 27க்கு முன்னும் வராது, டிசம்பர் 3க்குப் பின்னும் போகாது. நான்கு ஞாயிறுகள். முதல் ஞாயிறன்று கோவிலுக்குப் போய்ப் பாருங்கள்: பீடத்தில் ஊதா நிறம். "உன்னதங்களிலே" என்ற வானவர் கீதம் பாடப்படுவதில்லை. பெத்லகேம் இரவில் வானதூதர்கள் பாடிய பாட்டு அது; பிறந்த இரவுக்காக அதை எடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் தவக்காலத்தைப் போல அல்லேலூயாவை விடுவதில்லை. ஏக்கமும் மகிழ்ச்சியும் கலந்த காலம் என்பது இந்த ஓர் ஏற்பாட்டிலேயே தெரிந்துவிடுகிறது. மூன்றாம் ஞாயிறன்று மட்டும் குருவின் உடை இளஞ்சிவப்பாகலாம். பாதி வழி கடந்துவிட்டோம், மகிழுங்கள் என்பது அதன் செய்தி.

முதல் ஞாயிறு நற்செய்தியைக் கேட்டுப் பலர் திகைக்கிறார்கள். குழந்தை இயேசுவைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. விழிப்பாயிருங்கள், வீட்டுத் தலைவர் எப்போது வருவார் என்று தெரியாது என்கிறது. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் பாலைநிலத்தில் நின்று மனம் மாறச் சொல்கிறார். நான்காம் ஞாயிறன்றுதான் நாசரேத்துக்கு வருகிறோம்: ஓர் ஆண்டு யோசேப்பின் கனவு, ஓர் ஆண்டு மரியாவுக்கு வானதூதர் சொன்ன செய்தி, ஓர் ஆண்டு எலிசபெத்தைத் தேடி மரியா மலைநாட்டுக்குப் போன பயணம். அதாவது, உலகத்தின் கடைசி நாளில் தொடங்கி, பின்னோக்கி நடந்து, ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது இந்தக் காலம். இந்த வரிசைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நீதி வழங்க வருகிறவர் யார் என்று முதலில் கேட்டுவிட்டு, அவர் தீவனத் தொட்டியில் படுத்திருப்பதைப் பிறகு பார்க்கிறோம். நேராகத் தொட்டிக்குப் போய்விட்டால் அழகான பொம்மை ஒன்றைத்தான் பார்ப்போம்.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்னார்து தம் துறவிகளுக்கு இதை விளக்கினார். ஆண்டவருக்கு மூன்று வருகைகள் உண்டு என்றார். ஒன்று மனித உடலில் வந்தது, இன்னொன்று மாட்சியோடு வரப்போவது. இவ்விரண்டுக்கும் நடுவே, ஒவ்வொரு மனிதரின் உள்ளத்திலும் ஓசையில்லாமல் நிகழ்கிற வருகை ஒன்று இருக்கிறது. திருவருகைக்கால முதல் வாரப் புதன்கிழமை, திருச்சபையின் அன்றாடச் செபநூலான திருப்புகழ்மாலையில் அவருடைய அந்த மறையுரை வாசகமாக வருகிறது. முதல் வருகை வரலாறு. கடைசி வருகை நம் கையில் இல்லை. நடு வருகைக்கு மட்டும்தான் நாம் ஆயத்தம் செய்ய முடியும். உங்கள் வீட்டுக்கு நீங்கள் தேடுகிற "ஆன்மிகப் பொருள்" இருக்கும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

காத்திருத்தல் என்றால் சும்மா இருப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடக்கத்திலிருந்தே இதற்கு நோன்பும் ஒழுங்கும் உண்டு. 5ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு என்று விதித்தார். மிலான் நகரத்து வழிபாட்டு முறையில் இன்றும் திருவருகைக்காலம் ஆறு வாரம். அவ்வளவு தூரம் போவானேன். கேரளத்தின் சீரோ மலபார் கத்தோலிக்கக் குடும்பங்கள் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு இருக்கிறார்கள். மீன், இறைச்சி தொடுவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அதே சபையின் தக்கலை மறைமாவட்டத்தில் இருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நோன்பு இருந்த வீட்டில் 25ஆம் தேதி அடுப்பில் ஏறுகிற கறிக்கு இருக்கிற மணம், மாதம் முழுவதும் விருந்து சாப்பிட்ட வீட்டில் இருக்காது.

காத்திருப்பைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் இரண்டு பேர் நினைவுக்கு வந்துவிடுவார்கள். இருவரும் ஹிட்லருக்கு எதிராக நின்றவர்கள். இருவரும் பெர்லினின் டேகல் சிறையில் இருந்தவர்கள். லூத்தரன் போதகர் தீத்ரிஷ் போன்ஹோபர் 1943 நவம்பரில் அங்கிருந்து எழுதிய ஒரு கடிதத்தில், சிறை அறை திருவருகைக்காலத்தை நினைவூட்டுகிறது என்று எழுதினார். உள்ளே இருப்பவர் காத்திருக்கிறார், நம்புகிறார், அதையும் இதையும் செய்துகொண்டிருக்கிறார். ஆனால் கதவு பூட்டியிருக்கிறது, வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அடுத்த ஆண்டு அதே சிறையில் இயேசு சபைக் குரு ஆல்பிரட் டெல்ப், விலங்கிட்ட கைகளோடு திருவருகைக்காலத் தியானங்களை எழுதினார். எழுதிய தாள்கள் இரகசியமாக வெளியே கொண்டுசெல்லப்பட்டன. 1944 டிசம்பர் 8ஆம் தேதி அந்தச் சிறைக்குள்ளேயே துறவற வாழ்வுக்கான தம் இறுதி வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார். 1945 பிப்ரவரி 2ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். போன்ஹோபரும் அதே ஆண்டு ஏப்ரலில் கொல்லப்பட்டார். விளக்கும் கேக்கும் பாட்டும் எதுவுமில்லாத அறையில் இந்தக் காலம் முழுமையாக வாழப்பட்டிருக்கிறது என்பதை உங்கள் பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அந்த வயதில் இதைப் புரிந்துகொள்ள முடியும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வகுப்பில் அந்த அளவு அமைதியை வேறு எந்தப் பாடமும் கொண்டுவந்ததில்லை.

இப்போது வீட்டுக்கு வருவோம். எல்லாவற்றையும் செய்ய முயன்றால் இதுவும் இன்னொரு ஓட்டமாகிவிடும். ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் மெழுகுதிரி வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அது தோன்றிய இடத்தை முதலில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், யோகான் ஹின்ரிஷ் விஷேர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர் ஆதரவற்ற ஏழைச் சிறுவர்களுக்கு ஓர் இல்லம் நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது, கிறிஸ்துமஸ் எப்போது என்று சிறுவர்கள் நச்சரித்தார்கள். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுதிரிகளையும், வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுதிரிகளையும் அதில் நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். அதுதான் பிறகு நான்கு திரிகளாகச் சுருங்கியது. 20ஆம் நூற்றாண்டில்தான் கத்தோலிக்கக் கோவில்களுக்குள் வந்தது. வீடில்லாத பிள்ளைகளுக்காகச் செய்தது என்ற செய்தியை விட்டுவிட வேண்டாம்.

கடையில் விற்கிற பிளாஸ்டிக் வளையம் தேவையில்லை. ஒரு பித்தளைத் தாம்பாளம், சுற்றிலும் சவுக்குக் கொத்தோ வேப்பிலையோ, நடுவில் நான்கு மெழுகுதிரிகள்; வாரத்துக்கு ஒன்று கூடுதலாக ஏற்ற வேண்டும். சனிக்கிழமை மாலை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், கூடத்தில் விளக்கையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடுங்கள். செல்பேசிகளை எல்லாரும், நீங்களும் சேர்த்து, அலமாரியில் வையுங்கள். முழு இருட்டு. முதல் சில நொடிகள் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஒருவரை ஒருவர் இடிப்பார்கள். தீப்பெட்டி யார் கையில் என்று சண்டை வரும். இந்த வாரம் சின்னவர், அடுத்த வாரம் பெரியவர் என்று முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திரி எரியும்போது ஒருவர் முகத்தின் பாதிதான் தெரியும். அந்த வெளிச்சத்தில் மறுநாள் ஞாயிறு நற்செய்தியை ஒருவர் வாசிக்கட்டும். விளக்கம் சொல்ல வேண்டாம். இந்த வாரம் நம் வீட்டில் எந்த இருட்டுக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி. அப்பாவுக்கு வேலை, பாட்டிக்கு மூட்டுவலி, பக்கத்து வீட்டோடு பேச்சில்லை; எதுவும் வரலாம். வந்ததைச் சொல்லி ஒரு 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே'. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நான்காவது வாரம் நான்கு திரிகளும் எரியும்போது எல்லார் முகமும் தெரியும். அதைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்வார்கள்.

குடில் போடுவதை நவம்பரிலேயே முடித்துவிட வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக வளரட்டும். முதல் வாரம் வெறும் குடிசையும் காலித் தொட்டியும். டிசம்பர் 10, 12 தேதி வாக்கில் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்துவிட்டால், விழாவுக்குள் விரல் நீளத்துக்குப் பச்சைப் புல் நிற்கும். தண்ணீர் தெளிப்பது சின்னவர் பொறுப்பு. நல்லது ஒன்று செய்தால் தொட்டியில் ஒரு வைக்கோல் துரும்பு வைப்பது பழைய வழக்கம். யார் எத்தனை வைத்தார்கள் என்று எண்ணக் கூடாது, பெற்றோரும் கேட்கக் கூடாது. மாடும் கழுதையும் வரட்டும். மரியாவும் யோசேப்பும் வீட்டின் வேறொரு மூலையிலிருந்து நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து வரட்டும். குழந்தை மட்டும் 24ஆம் தேதி இரவுதான். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் சிலைகளே இல்லை. மலைக்குகையில் வைக்கோல் போட்ட தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை, மேலே திருப்பலி. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். அங்கும் தொட்டி காலியாகத்தான் இருந்தது.

துணி எடுப்பதற்கும் ஓர் ஒழுங்கு சொல்கிறேன். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்டபோது, திருமுழுக்கு யோவான் செபங்களை அதிகமாக்கச் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரி தண்டுவோரிடம் கூடுதலாகப் பிடுங்காதீர்கள் என்றார். படைவீரரிடம் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள் என்றார். லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து, நல்ல நிலையில் உள்ளதைப் பிள்ளைகளே எடுத்து வைக்கட்டும். கிழிந்ததும் பொத்தான் போனதும் வேண்டாம், அது தானமாகாது. வீட்டில் வேலை செய்பவருக்கு, கடையில் உங்களிடம் பணியாற்றுபவருக்குச் சம்பள பாக்கி ஏதும் இருந்தால் துணிக்கடைக்கு முன்னால் அதைத் தீர்த்துவிடுங்கள். பணமாகக் கொடுக்க நினைப்பவர்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையாரிடம் கேட்டால், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிள்ளைகளிடம் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிப் பேச டிசம்பர் 6 நல்ல நாள்; அந்தத் தாத்தாவுக்கு மூலமான, மீரா நகரத்து ஆயர் புனித நிக்கோலாஸின் திருநாள். இன்றைய துருக்கியில் இருக்கிறது அந்த ஊர். சீர் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பன் தன் மூன்று பெண்களைத் தவறான வழிக்கு விற்கும் நிலைக்கு வந்துவிட்டான் என்றும், நிக்கோலாஸ் இரவில் யாரும் அறியாமல் சன்னல் வழியே பொற்காசு முடிச்சுகளைப் போட்டுவிட்டுப் போனார் என்றும் மரபு சொல்கிறது. வரதட்சணைக்காக வீட்டை விற்ற தகப்பன்களை அறிந்த நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கொடுத்தவர் பெயர் தெரியக் கூடாது என்பதுதான் அதில் முக்கியம். அன்று உங்கள் பிள்ளைகள் யாருக்காவது, யார் கொடுத்தது என்று தெரியாமல், ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரட்டும்.

கேரலை என்ன செய்வது? பலர் அதை விட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மார்கழிக் குளிரில் டிரம்மோடும் கிதாரோடும் இளைஞர்கள் தெருத்தெருவாகப் போவது, ஆண்டு முழுவதும் கோவில் பக்கம் வராத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் ஓர் இரவில் முடிக்க வேண்டிய வீடுகளின் பட்டியல் கையில் இருக்கும்போது, கதவு திறந்ததும் பாட்டு, மிட்டாய், உண்டியல், அடுத்த வீடு என்று ஆகிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த எங்கள் அன்பியத்தில் ஒரு முறை படுக்கையில் இருந்த ஒரு பெரியவரின் வீட்டில் மட்டும் டிரம்மை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். அவருக்குத் தெரிந்த பழைய பாட்டை அவரே மெல்லிய குரலில் தொடங்கினார். எங்களில் யாருக்கும் இரண்டாவது அடி தெரியவில்லை. அவர் முழுவதையும் பாடி முடிக்கும் வரை காத்திருந்தோம். அதன் பிறகு வீடுகளைக் குறைத்துக்கொண்டு, நோயாளிகள், தனியாக இருப்பவர்கள், அந்த ஆண்டில் சாவு நடந்த வீடுகள் ஆகியவற்றுக்கு முதலில் போவதென்று வைத்துக்கொண்டோம். வசூல் குறைந்தது. குறைந்தால் குறையட்டும்.

பாவசங்கீர்த்தனத்தை 24ஆம் தேதி மாலை வரை தள்ளிப்போட வேண்டாம். அன்று வரிசை கோவில் வாசல் வரை நிற்கும். பங்குத்தந்தைக்கும் பேச நேரமிருக்காது, உங்களுக்கும் மனம் நிலைகொள்ளாது. இரண்டாம் வாரத்தில் ஒரு சாதாரண நாளில் போய்விடுங்கள்.

டிசம்பர் 17இல் காலத்தின் போக்கு மாறுகிறது. அன்றைய நற்செய்தி மத்தேயுவின் தலைமுறை அட்டவணை. பெயர் பெயராக வருவதால் பலர் கவனிப்பதில்லை. அந்த ஆண்களின் வரிசைக்குள், மரியாவைத் தவிர, தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகிய நான்கு பெண்கள் இருக்கிறார்கள். இராகாபு விலைமகள், ரூத்து வேற்றினத்தவள், உரியாவின் மனைவியோ, அரசன் தன் கணவனைக் கொல்வித்துத் தன்னை எடுத்துக்கொண்ட கொடுமைக்கு ஆளானவள். மீட்பரின் வம்சத்தில் மறைக்கப்பட வேண்டியவர்கள் என்று யாரும் இல்லை. குடும்ப மானம் என்ற பெயரில் நாம் பேச்சை நிறுத்திக்கொண்ட உறவினர் யாராவது இருந்தால், அவர்களுக்குத் தொலைபேசியில் பேச வேண்டிய நாள் இது.

அன்று முதல் 23ஆம் தேதி வரை ஏழு மாலைகளிலும், திருச்சபையின் மாலைச் செபமான மாலைப் புகழில் மரியாவின் பாடலுக்கு முன்னால் ஏழு பழைய அழைப்புகள் பாடப்படுகின்றன. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே என்று ஒவ்வொரு நாளும் ஒரு பெயர் சொல்லி, வாரும் என்று முடியும். பெரும்பாலும் எசாயா முதலிய பழைய ஏற்பாட்டு நூல்களிலிருந்து திரண்டவை. திறவுகோலே என்று அழைக்கும் 20ஆம் தேதி போன்ஹோபரின் பூட்டிய கதவை நினைத்துக்கொள்ளலாம். விடியலே என்று அழைக்கும் 21ஆம் தேதி வாக்கில்தான் வடகோளத்தில் ஆண்டின் மிக நீண்ட இரவும் வருகிறது. இந்த ஏழையும் உங்கள் பெரிய பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஒரு தாளில் அழகாக எழுதி நாளுக்கு ஒன்றாகக் குடிலுக்கு மேலே ஒட்டட்டும், வாசிக்கவும் அவரே வாசிக்கட்டும். அந்த வயதுப் பிள்ளைகளை உட்கார்ந்து கேள் என்றால் கேட்க மாட்டார்கள். பொறுப்பாகக் கொடுத்தால் செய்வார்கள்.

கொண்டாட்டத்துக்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. 25ஆம் தேதியோடு கிறிஸ்துமஸ் முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. எட்டு நாளும் விழா, ஜனவரி 1 இறைவனின் தாய் மரியாவின் திருநாள், பிறகு மூன்று அரசர்கள் திருநாள், ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை கிறிஸ்துமஸ் காலம். இந்த நாள்களில்தான் நம் வீடுகளில் குடில் பெட்டிக்குள் போய்விடுகிறது. உறவினர் வருகையில் பாதியை, விருந்தில் பாதியை, பலகாரத்தில் பாதியை இங்கே தள்ளிவிட்டால் டிசம்பரின் நெரிசல் தானாகக் குறையும். ஜெர்மனியில் பிள்ளைகள் மூன்று அரசர்களாக வேடமிட்டு, ஜனவரி 6ஐ ஒட்டிய நாள்களில் வீடு வீடாகப் பாடி, உலகெங்கும் உள்ள ஏழைப் பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டுகிறார்கள். ஒழுங்கமைந்த இயக்கமாக 1959 முதல் நடக்கிறது. நம் அன்பியங்களிலும் கேரலின் ஒரு பகுதியை அந்த வாரத்துக்கு மாற்றிப் பார்க்கலாம், பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

வீட்டில் எல்லாரும் ஒத்துழைப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். கணவருக்கு வேலை முடிய இரவாகலாம், மாமியார் நட்சத்திரத்தை டிசம்பர் 1ஆம் தேதியே ஏற்றச் சொல்லலாம். ஏற்றுங்கள். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் பெத்லகேமுக்குப் போனபோதும் விண்மீன் முன்னால் போய்க்கொண்டுதான் இருந்தது. முதல் ஆண்டில் சனிக்கிழமை மெழுகுதிரி மட்டும் போதும். இதைப் படிக்கும்போது டிசம்பர் பாதி கடந்துவிட்டிருந்தால் 17ஆம் தேதி மாலையிலிருந்து ஏழு அழைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகையும் அன்றே விதைத்துவிடலாம். மூன்று அரசர்கள் வரும்போது நன்றாகவே வளர்ந்திருக்கும்.